எட்டு நிமிடத்தில் ஒரு சிங்கி

நெத்திலி, சங்கரா, வஞ்சிரம் என்று எதைக் கொண்டுவந்து போட்டாலும் அசராமல் சமைக்கிற வீடுகளில்கூட, சிங்கி இறால் என்றதும் கை பின்வாங்கும். சமைக்கத் தெரியாது என்பதல்ல காரணம், விலைதான். இவ்வளவு காசு கொடுத்து வாங்கியதைக் கெடுத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அதனால் திருமண நாள், பிறந்தநாள், பிப்ரவரி 14 என்று ஏதாவது வந்தால் ஜோடியாக ஓட்டலுக்குப் போகிறார்கள். மெனுவில் விலை போடாமல் 'மார்க்கெட் ரேட்' என்று மட்டும் அச்சடித்திருக்கும் வரியில் ஒரு கணம் விரல் நிற்கும். பிறகு சிக்கன் சொல்லிவிட்டு வருவார்கள்.

உண்மையில் கடல் உணவுகளிலேயே வீட்டில் செய்யச் சுலபமானது சிங்கி இறாலின் வால். செதில் உரசும் வேலை இல்லை, முள் பார்க்கும் கவலை இல்லை, மசாலா அரைத்து ஊறவைக்கத் தேவையில்லை. நடுத்தர அளவுள்ள வால் அடுப்பில் இருக்கும் நேரம் ஏறக்குறைய எட்டு நிமிடம். அது கெட்டுப்போவதற்கும் பெரும்பாலும் ஒரே வழிதான்: "இன்னும் கொஞ்சம் வேகட்டும்" என்று அந்த எட்டைப் பதினைந்தாக்குவது.

ஆங்கிலத்தில் லாப்ஸ்டர் எனப்படும் இந்த உயிரினம் காதலர் விருந்துக்குள் நுழைந்த கதை வேடிக்கையானது. அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் குடியேறிய ஐரோப்பியர்களுக்கு லாப்ஸ்டர் என்பது ஏழைச் சாப்பாடு. கரையோரத்திலேயே அள்ளும் அளவுக்குக் கிடைத்ததால் அதற்கு மதிப்பில்லை. கைதிகளுக்கும் வேலையாட்களுக்கும் போட்டார்கள், மிஞ்சியதை வயலுக்கு உரமாகக் கொட்டினார்கள். வாரத்தில் மூன்று தடவைக்கு மேல் எங்களுக்கு லாப்ஸ்டர் போடக் கூடாது என்று வேலைக்காரர்கள் ஒப்பந்தமே எழுதி வாங்கிக்கொண்டார்கள் என ஒரு கதை இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு ஒப்பந்தத் தாளை இதுவரை யாரும் எடுத்துக் காட்டியதில்லை.

1840களில் மெய்ன் மாநிலத்தில் லாப்ஸ்டரை டப்பாவில் அடைக்கும் ஆலைகள் வந்தன. பின்னால் ரயிலும் பனிக்கட்டியும் கைகொடுக்க, கடலையே பார்த்திராத உள்நாட்டு ஊர்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு அதன் பழைய ஜாதகம் தெரியாது. தூரத்திலிருந்து வருகிற, செக்கச்செவேலென்று தட்டில் உட்காரும் அரிய பண்டமாகவே அதைப் பார்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் கைதியின் தட்டிலிருந்து கனவானின் தட்டுக்கு ஏறிவிட்டது.

காதல் வாடை அதன் மேல் ஒட்டியது நியூயார்க்கில். பிராட்வே நாடகக் கொட்டகைகளை ஒட்டி 1899இல் ரெக்டர்ஸ் என்ற உணவகம் திறந்தது. அதையும் அதன் போட்டியாளர்களையும் ஊர் 'லாப்ஸ்டர் அரண்மனைகள்' என்றே அழைத்தது. சுவரெங்கும் கண்ணாடி, தங்கப் பூச்சு, பளிங்கு. நாடகம் முடிந்து நள்ளிரவை நெருங்கும்போது பணக்காரர்கள் நடன மங்கையரையும் நடிகைகளையும் அழைத்துக்கொண்டு வந்து உட்காருவார்கள். மேசைக்கு ஷாம்பெயினும் லாப்ஸ்டரும் வரும். 'டைமண்ட் ஜிம்' பிராடி என்ற பெருந்தீனிக்காரச் செல்வர் அங்கே வாடிக்கையாளர். 1920இல் அமெரிக்காவில் மதுவிலக்கு அமலானதும் அந்த அரண்மனைகள் மூடப்பட்டன. ஆனால் ஜோடி, மெழுகுவத்தி, லாப்ஸ்டர் என்ற மூன்றும் சேர்ந்த படம் மட்டும் அழியவில்லை. ஹாலிவுட் அதை வாங்கிக்கொண்டது. உட்டி ஆலனின் 'ஆனி ஹால்' (1977) படத்தில் சமையலறைத் தரையில் உயிரோடு ஓடும் லாப்ஸ்டர்களைப் பிடிக்க முடியாமல் இருவரும் அலறிச் சிரிக்கும் காட்சி, அந்தப் படத்தின் காதலையே சொல்லிவிடும்.

'ஃபிரெண்ட்ஸ்' தொலைக்காட்சித் தொடரோ ஒரு படி மேலே போய், லாப்ஸ்டர்கள் ஆயுள் முழுக்க ஒரே துணையோடு வாழ்கின்றன என்று ஒரு பாத்திரத்தைச் சொல்ல வைத்தது. உலகமே நம்பியது. உயிரியலாளர்கள் பார்த்தது வேறு. அமெரிக்க லாப்ஸ்டரில் பெண், அக்கம்பக்கத்தில் வலுவான ஆணின் வளையைத் தேடிப் போய், தலைப்பக்கத்திலிருந்து சிறுநீரைப் பீய்ச்சித் தன் வருகையைத் தெரிவிக்கிறது. அவன் வளைக்குள் சட்டை உரித்து, ஓடு மிருதுவாக இருக்கும்போதே கூடுகிறது. புது ஓடு இறுகும்வரை சில நாள் பாதுகாப்பாகத் தங்கிவிட்டு நடையைக் கட்டுகிறது. அடுத்த பெண் வந்து அதே வளையில் இடம் பிடிக்கிறது. திருமண நாள் விருந்தில் இதை எடுத்துச் சொல்லாமலிருப்பது நல்லது.

மெய்ன் லாப்ஸ்டருக்கு முன்னால் இரண்டு பெரிய கொடுக்குகள் உண்டு; அதன் இறைச்சியில் கணிசமான பங்கு அந்தக் கொடுக்குகளில்தான். தமிழகத்துக் கடலில் கிடைக்கும் சிங்கிக்குக் கொடுக்கே கிடையாது. உடம்பை விட நீளமான இரண்டு மீசை, முதுகெல்லாம் முள், மற்றபடி தின்பதற்கு உள்ளதெல்லாம் வால். கடைகளில் 'லாப்ஸ்டர் டெயில்' என்று தனியாக விற்பவற்றில் பெரும்பகுதி இந்த முள் சிங்கி இனங்களே: கரீபியன் கடல், பிரேசில், தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று பல இடங்களிலிருந்து வருபவை. குளிர்ந்த நீரில் வளர்ந்த வால் சற்று இறுக்கமாகவும் இனிப்பாகவும் இருக்கும் என்று சமையல்காரர்கள் அதற்குக் கூடுதல் விலை வைப்பார்கள். வெதுவெதுப்பான கடலின் சிங்கியும் புதிதாக இருந்தால் சுவையில் அதற்குச் சளைத்ததல்ல.

குமரி மாவட்டத்தில் கடியப்பட்டணம், முட்டம், குளச்சல் கரைகள் சிங்கிக்குப் பேர்போனவை. பகலெல்லாம் பாறை இடுக்கில் பதுங்கி, இருட்டிய பிறகு இரை தேடி வெளியே வரும் பிராணி இது. பனை நாரில் முடைந்த கூட்டுக்குள் சிப்பியை இரையாக வைத்துக் கடலடியில் இறக்குவது அந்தக் கரையின் பழைய முறை. இப்போது பெரும்பாலும் அடியில் விரிக்கும் வலைதான். ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கம் அதற்குச் சிங்கி வலை என்றே பெயர். கையில் பிடித்துத் தூக்கினால் மீசையின் அடிப்பாகத்தை உரசிக் 'கர்ர்' என்று ஒரு சத்தம் போடும். எதிரியை மிரட்ட அது வைத்திருக்கும் வித்தை.

ஏற்றுமதி தொடங்கிய காலத்தில் இங்கிருந்து போனவை உறைய வைத்த வால்கள். பிற்பாடு கிழக்காசிய நகரங்களில் உயிருள்ள சிங்கிக்கு நல்ல விலை என்று தெரிந்ததும், ஈரம் காயாமல் குளிரவைத்துப் பெட்டி கட்டி விமானத்தில் அனுப்பத் தொடங்கினார்கள். பிடிபட்ட ஊரிலேயே அதைச் சாப்பிட்டுப் பார்த்தவர்கள் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2003இல் மத்திய வணிக அமைச்சகம் ஏற்றுமதிக்கு ஒரு எடை வரம்பு வைத்தது. நம் கரையில் அதிகம் கிடைக்கும் பனுலிரஸ் ஹோமரஸ் இனம் முழுசாக 200 கிராமுக்குக் குறையக் கூடாது. வாலாக என்றால் 50 கிராம். அழகான நிறக் கோலங்கள் கொண்ட பெரிய இனமான பனுலிரஸ் ஆர்னாட்டஸ் முழுசாக 500 கிராம், வால் 150 கிராம். இந்த எண்களில் வீட்டுக்கு வாங்குகிறவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. முழு எடையில் வால் என்பது கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள்தான். அரைக் கிலோ சிங்கி ஒன்றை வாங்கினால் தட்டில் விழப்போவது ஓட்டோடு சேர்த்து 150 கிராம் சொச்சம். கிலோ விலையை அதற்கேற்ப மனதுக்குள் பெருக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். இருவர் விருந்துக்கு ஆளுக்கொன்றாக 150 முதல் 200 கிராம் எடையுள்ள இரண்டு வால் தாராளம்.

முழுசாக வாங்கினால் உயிரோடு இருப்பதைத்தான் வாங்க வேண்டும். தூக்கினால் வாலைப் படபடவென்று அடிக்கும், அதுதான் சான்று. ஐஸில் செத்துக் கிடப்பதை மலிவு என்று வாங்கினால் ஏமாற்றம். சிங்கி செத்ததும் தலைக்குள் இருக்கும் செரிமானச் சுரப்பியின் நொதிகள் சதைக்குள் கசிந்து அதைக் கொழகொழப்பாக்கிவிடும். தொழிற்சாலைகளில் தலையை உடனே பிரித்து வாலை மட்டும் உறைய வைப்பதன் ரகசியம் இதுவே. அந்த வகையில் நன்றாக உறைந்த வால், ஒரு நாள் ஐஸில் கிடந்த முழுச் சிங்கியை விட எவ்வளவோ மேல்.

உயிரோடு வாங்கி வந்தவருக்கு ஒரு சங்கடம் காத்திருக்கும். கொதிக்கும் தண்ணீரில் அப்படியே போடுவதா? சுவிட்சர்லாந்து 2018இல் அதைத் தடை செய்து, முதலில் உணர்விழக்கச் செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டது. பிரிட்டன் 2022இல் நண்டு, சிங்கி இனங்களையும் வலி உணரும் உயிர்கள் என்று சட்டத்தில் சேர்த்தது. வீட்டில் செய்யக்கூடியது, அரை மணி நேரம் நிறைய ஐஸுக்குள் புதைத்து வைத்து அசைவு முற்றும் அடங்கிய பிறகு, கனமான கத்தியால் தலையை நீளவாக்கில் ஒரே வெட்டில் பிளப்பது. மனசு ஒப்பவில்லை என்றால் விற்பவரிடமே செய்துதரச் சொல்லி, உடனே வீட்டுக்கு வந்து சமைத்துவிடலாம். ஆசையாக ஏற்பாடு செய்த மாலையில் இந்த வேலையெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு உறைந்த வாலே சரி.

உறைந்ததில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஐஸ் பூச்சு. சதை காயாமலிருக்க மேலே மெல்லிய பனிப்படலம் பூசுவது வழக்கம்தான். அது தடிமனாக இருந்தால் தண்ணீருக்கும் சிங்கி விலை கொடுக்கிறோம் என்று பொருள். இன்னொன்று, பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்த சரக்கு. ஈரத்தைப் பிடித்து வைத்து எடை கூட்டும். வெந்தால் தண்ணீர் விட்டுச் சுருங்கும். பொட்டலத்தில் சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட் என்றோ அதன் எண்ணோ இருந்தால் கீழே வைத்துவிடலாம். சதை மஞ்சளித்தோ, கரும்புள்ளி விழுந்தோ, அம்மோனியா வாடை அடித்தோ இருந்தால் பேரமே வேண்டாம்.

விருந்துக்கு முந்தின இரவே வாலை ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்ற வேண்டும். மறந்துபோனால் ஒரு பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டிக் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி, இடையில் ஒருமுறை தண்ணீரை மாற்றினால் ஒரு மணி நேரத்துக்குள் இளகிவிடும். வெந்நீரோ மைக்ரோவேவோ கூடாது. ஓரம் வெந்து நடு உறைந்தே இருக்கும். உறைந்தபடியே அடுப்பில் ஏற்றினாலும் இதே கதைதான், சதை ஓட்டை விட்டும் வராது.

இனி கத்தரி. சமையலறைக் கத்தரி ஒன்று இருந்தால் போதும், கத்தி வேண்டாம். வாலை வயிறு கீழாக வைத்து, வெட்டுப்பட்ட அகலமான முனையில் ஓட்டுக்கும் சதைக்கும் நடுவே கத்தரியின் ஒரு அலகை நுழைக்க வேண்டும். முதுகின் நடுவே நேராக, வால் விசிறி தொடங்கும் இடம்வரை நறுக்கென்று வெட்டிக்கொண்டே போய் அங்கே நிறுத்திவிட வேண்டும். விசிறியை வெட்டக் கூடாது. இப்போது இரண்டு கட்டை விரல்களையும் வெட்டுக்குள் விட்டு ஓட்டை விரித்தால் ஓரங்களில் மெல்லிய சவ்வு 'சட் சட்'டென்று விட்டுக்கொடுக்கும். விரலைச் சதைக்கு அடியில் விட்டு ஓட்டிலிருந்து மெள்ளப் பிரித்து, விசிறிப் பக்கம் ஒட்டியிருப்பதை மட்டும் விட்டுவிட்டு, மீதியைத் தூக்கி ஓட்டின் மேலேயே படுக்க வைக்க வேண்டும். கீழே ஓடு மூடிக்கொள்ளும், மேலே சதை உப்பலாக உட்காரும். ஓட்டல்களில் பார்த்து வியக்கும் அந்தத் தோற்றம் இவ்வளவுதான். முதுகோரம் ஓடும் கறுத்த குடலை இறாலுக்கு எடுப்பது போலவே இழுத்து எறிந்துவிடலாம். கையுறை அல்லது ஒரு தடித்த துணி இருக்கட்டும். முள் சிங்கி வாலின் ஓரங்கள் பிளேடுக்குச் சமம்.

வெந்துவிட்டதா என்று பார்க்க ஓட்டின் நிறத்தை நம்புகிறவர்கள் பலர். அது தவறு. உயிரோடு இருக்கும் சிங்கி பச்சையும் பழுப்புமாகவோ நீலம் கலந்தோ இருக்கும். அஸ்டாசாந்தின் என்ற செம்மஞ்சள் நிறமி அதன் ஓட்டில் எப்போதும் இருக்கிறது. கிரஸ்டசயனின் என்ற புரதம் அதைக் கட்டிப் பிடித்து அதன் நிறத்தை நீலமாக்கி வைத்திருக்கிறது. சூடு பட்டதும் புரதம் சிதைந்து பிடி நழுவ, நிறமி தன் சொந்த நிறத்துக்குத் திரும்புகிறது. எப்படி அது நிறத்தை மாற்றுகிறது என்பதை விளக்கும் வகையில் அந்தப் புரதத்தின் ஒரு பகுதியின் வடிவத்தை பிரிட்டன் விஞ்ஞானிகள் 2002இல் வெளியிட்டார்கள். ஓடு மெல்லியது, வெளியே இருக்கிறது. அதனால் சீக்கிரமே சிவந்துவிடும். உள்ளே நடுச்சதை அப்போது பச்சையாகவே இருக்கலாம்.

பார்க்க வேண்டியது சதையை. பச்சைச் சதை கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் சாம்பல் நிறம். வெந்ததும் பால் வெள்ளையாக மாறும். தடித்த இடத்தில் கத்தி நுனியால் லேசாகப் பிளந்து பார்த்து, நடுவிலும் வெள்ளையாகிவிட்டால் அந்த நொடியே இறக்க வேண்டும். சமையல் தெர்மாமீட்டர் இருப்பவர்களுக்கு இன்னும் எளிது. அமெரிக்க அரசின் உணவுப் பாதுகாப்பு வரம்பு 63 டிகிரி செல்சியஸ். 60இல் இறக்கி வைத்தால் உள்சூட்டிலேயே மீதி மூன்று டிகிரி ஏறிக்கொள்ளும். அதற்கு மேல் விட்டால் புரத இழைகள் சுருங்கித் தம்மிடம் உள்ள நீரையெல்லாம் பிழிந்து வெளியே தள்ளும். ரப்பர் என்று எல்லோரும் திட்டுவது அந்த நிலையைத்தான். முப்பது கிராமுக்கு ஒரு நிமிடம் என்பது சமையல்காரர்களின் பொதுக் கணக்கு. 150 கிராம் வாலென்றால் ஐந்து நிமிடத்திலிருந்து கண் வைக்கத் தொடங்க வேண்டும்.

மேல்நாட்டுச் சமையல் குறிப்புகள் 'பிராயில்' செய்யச் சொல்லும். அதாவது மேலிருந்து மட்டும் இறங்கும் கடுஞ்சூடு. நம் வீட்டு ஓடிஜி அடுப்பின் மேல் கம்பியை மட்டும் போட்டு, பத்து நிமிடம் முன்பே சூடேற்றினால் அதேதான். கம்பிக்கும் சதைக்கும் ஒரு சாண் இடைவெளிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும். வெண்ணெய் தடவி உள்ளே வைத்து, பாதி நேரத்தில் இன்னொரு முறை தடவ வேண்டும். ஓடிஜியின் சூடு பெரிய அடுப்பை விடக் குறைவு என்பதால் இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். விளிம்புகளில் பொன்னிறம் ஏறினால் அழகு.

ஓடிஜி இல்லாத வீட்டிலும் இட்லிப் பானை இருக்கும். சிங்கி வாலுக்கு அதைவிட நல்ல பாத்திரம் இல்லை என்றே சொல்லலாம். தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆவி வந்த பிறகு வாலைத் தட்டில் வைத்து மூடி, சிறியதென்றால் ஐந்தாறு நிமிடம், 200 கிராமை நெருங்கினால் எட்டு ஒன்பது நிமிடம். ஆவியில் சதை காய்வதில்லை, கடல் உப்பும் இனிப்பும் கரைந்து போவதில்லை. ஒரே தொல்லை, வால் உள்நோக்கிச் சுருண்டுகொள்ளும். ஆபத்து வந்தால் வாலை மடக்கி அடித்துப் பின்பக்கமாகப் பாய்ந்து தப்பிக்கப் பயன்படும் தசை அது. சூடு பட்டாலும் மடங்கத்தான் பார்க்கும். வேகவைக்கும் முன் கபாப் செருகும் மூங்கில் குச்சி ஒன்றை நீளவாக்கில் குத்திவிட்டால் நேராக நிற்கும்.

மூன்றாவது வழி தோசைக்கல். இரும்புக் கல் என்றால் இன்னும் விசேஷம். வாலை ஓட்டோடு நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, சதைப்பக்கம் நெய் தடவி, நன்றாகக் காய்ந்த கல்லில் சதை கீழாகப் போட வேண்டும். இரண்டு நிமிடத்தில் அடியில் சிவந்த படலம் பிடிக்கும். திருப்பி ஓட்டுப் பக்கம் கல்லில் பட வைத்து, ஒரு கரண்டி பூண்டு வெண்ணெயைச் சதை மேல் ஊற்றி மூடினால் மூன்று நான்கு நிமிடத்தில் முடிந்தது. தமிழ் நாக்குக்கு இந்த மூன்றில் எது பிடிக்கும் என்று கேட்டால் தோசைக்கல்லுக்கே ஓட்டு விழும். அந்தச் சிவந்த படலத்தின் மணம் மற்ற இரண்டிலும் கிடைக்காது.

வெண்ணெய் விஷயத்தில் நமக்கு ஒரு சாதகம் இருக்கிறது. உலகமெங்கும் லாப்ஸ்டரோடு தருவது தெளிய வைத்த வெண்ணெய். வெண்ணெயை உருக்கி நுரையை எடுத்துவிட்டு, அடியில் தங்கும் பால் வண்டலை விட்டு, மேலே நிற்கும் பொன்னிற எண்ணெயை மட்டும் வடிப்பது. நெய் காய்ச்சத் தெரிந்த எவருக்கும் இது பாதி வேலை. முருங்கைக்கீரை போடும் கட்டத்துக்கு முன்பே, வண்டல் சிவப்பதற்குள் நிறுத்திவிட வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். நெய்யாகவே ஊற்றினால் அதன் மணம் சிங்கியின் மெல்லிய இனிப்பை அமுக்கிவிடும். வண்டலோடு சாதா வெண்ணெயைத் தடவி மேல் கம்பியின் கீழ் வைத்தாலோ, பால் திடப்பொருள் கருகிக் கசக்கும். இருவருக்கு 100 கிராம் உப்பில்லாத வெண்ணெய் போதும். நசுக்கிய பூண்டு இரண்டு பல்லை அதில் சிவக்காமல் வதக்கி, அப்போது பொடித்த மிளகு, ஒரு சிட்டிகை உப்பு. எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைத்த பிறகு. நான்கு கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டால் தப்பில்லை, நன்றாகவே இருக்கும்.

மிளகாய்த்தூள், மல்லித்தூள், இஞ்சி பூண்டு விழுது, தயிர் எல்லாம் சேர்த்து ஊறவைப்பது பெரும்பாலான கடற்கரை உணவகங்களின் பழக்கம். அப்படிச் செய்வதானால் சாதா இறாலே போதுமே, ஐந்தாறு மடங்கு விலை கொடுத்து இதை வாங்குவானேன்? மசாலாவுக்கு இடம் இல்லாமல் இல்லை. அது மறுநாள் குழம்புக்கும் சூப்புக்கும். வாலின் ஓட்டையும், முழுசாக வாங்கியிருந்தால் தலை, கால்களையும் தூக்கி எறியாமல் வைத்திருந்து, சின்ன வெங்காயம், மிளகு, சீரகத்தோடு எண்ணெயில் வதக்கி, தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் கொதிக்க விட்டு வடிகட்டினால் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு ரசம் கிடைக்கும். தேங்காய்ப்பால் சேர்ப்பது அவரவர் ஊர் வழக்கம்.

அன்றைய மாலைக்கு ஒரு வரிசை உண்டு. சிங்கி காத்திருக்காது, ஆறினால் இறுகும். அதனால் மற்றதெல்லாம் முதலில். உருளைக்கிழங்கு மசித்து மூடி வைத்து, வெள்ளரி, தக்காளி நறுக்கி, பாவ் அல்லது ரொட்டி சூடாக்கி, வெண்ணெயைத் தெளியவைத்து, தட்டு, கிண்ணம், முள்கரண்டி எல்லாம் மேசைக்குப் போன பிறகே அடுப்பில் வாலை வைக்க வேண்டும். வருகிறவர் வந்து உட்கார்ந்து, பேச்சு தொடங்கிய பின் எழுந்து போய்ச் சமைத்தாலும் நேரம் இருக்கிறது. கூட நின்று ஒருவர் கத்தரி பிடிக்க, ஒருவர் வெண்ணெய் தடவினால் இன்னும் நல்லது. விருந்து அங்கேயே தொடங்கிவிடும். சாதமும் ரசமும் இல்லாமல் இரவுச் சாப்பாடு இறங்காது என்கிறவர் எதிரே உட்காரப் போகிறார் என்றால், நெய்ச்சோறு வடித்து வைப்பதில் ஒரு குறையும் இல்லை.

கொழுப்பு பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: 100 கிராம் சிங்கிச் சதையில் கொழுப்பு ஒன்று இரண்டு கிராமுக்குள்தான். கணக்குப் பார்க்க வேண்டியது பக்கத்துக் கிண்ணத்து வெண்ணெயை.

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்டே தீர வேண்டிய ஒரு கேள்வி, "உனக்கு இறால், நண்டு ஒத்துக்குமா?" ஓடுள்ள கடலுணவுகளில் ஒவ்வாமையைத் தூண்டும் ட்ரோபோமயோசின் என்ற புரதம் சிங்கியிலும் உண்டு, வேகவைத்தாலும் அது அழிவதில்லை. இறால் தின்றால் உடம்பில் தடிப்பு வருகிறவருக்குச் சிங்கியாலும் வர வாய்ப்பு அதிகம், சிலருக்கு மூச்சுத் திணறல்வரை போகும். ரகசியமாக ஏற்பாடு செய்து ஆச்சரியப்படுத்தும் ஆசையைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு, பேச்சோடு பேச்சாக ஒரு வாரம் முன்பே கேட்டுவிடுவது உத்தமம்.

வாங்கும்போது இன்னும் இரண்டை மட்டும் மறக்க வேண்டாம். வாலின் அடிவயிற்றில் கொத்துக் கொத்தாக ஆரஞ்சு நிற முட்டை ஒட்டியிருந்தால் அது சினைச் சிங்கி. ஒன்றின் வயிற்றிலேயே லட்சக்கணக்கில் முட்டை இருக்கும். அதையும், 200 கிராம் தேறாத குஞ்சுச் சிங்கியையும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஏற்றுமதிக்காரர் திருப்பி அனுப்பும் சின்னச் சரக்கை வீட்டுக்காரரும் வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினால், வலையில் சிக்கியதை உயிரோடு கடலிலேயே விட மீனவருக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.